வன்னியின் கடைத்தெருக்கள் ஏன் இடம் மாறுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையின் வன்னிப் பகுதியில், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கடை நடத்துபவர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் கடைத்தொகுதி கட்ட எண்ணுபவர்கள், பழைய கடைத்தெருவில் வியாபாரம் குறைந்துபோனதற்குக் காரணம் தேடுபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வவுனியா நகரமே பெரும்பாலும் பேசப்படுகிறது. கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி ஆகியன தேவையான இடங்களில் வருகின்றன.

வன்னியில் சட்டப்படி நகரம் எனக் கொள்ளத்தக்கவை எவை?

வன்னிப் பெருநிலப்பரப்பின் நடுப்பகுதியில் வவுனியா ஒன்றே நெடுங்காலம் நகர சபையாக இருந்தது. அது மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்டு, 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாக அந்தத் தகுதியில் உறுப்பினர்களைத் தெரிவுசெய்தது. கிளிநொச்சி மாவட்டத் தலைநகராக இருந்தும் கரைச்சிப் பிரதேச சபையின் ஆளுகைக்குள்ளேயே அடங்குகிறது. முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள் வருகிறது. பார்வைக்கு நகரமாகவும் ஏட்டில் கிராமிய சபைப் பகுதியாகவும் இருக்கும் இந்த நிலை, வடிகால், வாகனத் தரிப்பிடம், குப்பை அகற்றல் போன்ற சேவைகளுக்கான ஆளணியையும் வருமானத்தையும் நேரடியாகப் பாதிக்கிறது.

ஒரு கடைத்தெரு வளர்வதையும் தேய்வதையும் தீர்மானிப்பது எது? நல்ல வீதி அமைந்தால் வியாபாரம் தானாக வராதா?

வராது. வீதி வாகனங்களைக் கொண்டுவரும். ஆனால் கடைக்கு வேண்டியது வாகனத்திலிருந்து இறங்கி நடக்கும் ஆள். கண்டியிலிருந்து வன்னியூடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் பயணம் செய்த எவருக்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி தெரிந்திருக்கும். சுற்றிலும் பெரிய குடியிருப்பு எதுவும் இல்லாத அந்த இடத்தில் கச்சான் கடைகளும் தேநீர்க் கடைகளும் தேங்காய்க் கடைகளும் வரிசையாக நிற்பதற்குக் காரணம், வடக்கே போகும் வாகனமும் தெற்கே போகும் வாகனமும் அங்கே நின்று, சாரதி கற்பூரம் கொளுத்திவிட்டே புறப்படுகிறார் என்பதுதான். அதே வீதியில், அதே எண்ணிக்கையான வாகனங்கள் நிற்காமல் ஓடும் எத்தனையோ இடங்களில் ஒரு பெட்டிக்கடைகூட நிலைக்கவில்லை.

பேருந்து நிலையம், புகையிரத நிலையம், மாவட்டச் செயலகம், வைத்தியசாலை, நீதிமன்றம், பாடசாலை, வங்கி, ஒரு காலத்தில் சோதனைச் சாவடி என மக்களை நிறுத்தும் இடங்களே வன்னியின் கடைத்தெருக்களை உருவாக்கியுள்ளன. நிறுத்தம் இடம் மாறினால் கடைத்தெருவும், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ, அதன் பின்னால் போகிறது. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தின் விரிவே.

வவுனியாவின் பழைய கடைத்தெரு எவ்வாறு உருவானது?

வடக்குப் புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டில் காங்கேசன்துறைவரை திறக்கப்பட்டது. புகையிரத நிலையத்துக்கும் கண்டி வீதிக்கும் (ஏ9) இடைப்பட்ட பகுதியிலேயே பசார் வீதியும் அதைச் சூழ்ந்த வர்த்தகமும் செறிந்தன. மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் கண்டி வீதியுடன் நகருக்குள் சந்திப்பதால், மேற்கிலும் கிழக்கிலும் உள்ள விவசாயக் கிராமங்களின் நெல்லும் உழுந்தும் அங்கே வந்து சேர்ந்தன. தமிழ், முஸ்லிம், சிங்கள வியாபாரிகள் அடுத்தடுத்து கடை வைத்திருந்த தெரு அது. பெரிய அளவில் இன்றும் அப்படியே.

1990 இல் நிலைமை தலைகீழானது. போரினால் வடக்கே புகையிரதம் ஓடாமல் நின்றதும் வவுனியாவே பாதையின் கடைசி நிலையமாயிற்று. கொழும்பிலிருந்து வரும் ஒவ்வொரு பயணியும் அங்கே இறங்கியாக வேண்டியிருந்தது. வடக்கே போக அனுமதி கிடைக்கும்வரை நாட்கணக்கில் தங்கியாக வேண்டியும் இருந்தது. விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், தொலைபேசி நிலையங்கள், படப்பிரதி எடுக்கும் கடைகள் ஆகியன பெருகியமைக்கு அந்தக் காத்திருப்பே காரணம். மக்களின் அவதியை மூலதனமாகக் கொண்ட வளர்ச்சி அது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பின்னர் பாதை கட்டங்கட்டமாக மீண்டது: ஓமந்தை 2011 இல், கிளிநொச்சி 2013 செப்டெம்பரில், பளை 2014 மார்ச்சில், யாழ்ப்பாணம் 2014 ஒக்ரோபரில். வடக்கே போகும் வாகனங்களை நிறுத்திய ஓமந்தைச் சோதனைச் சாவடியும் 2015 இல் அகற்றப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் எல்லோரும் இறங்கிய ஊர், சன்னலால் பார்த்துக் கடந்துபோகும் ஊராயிற்று. நகர மையத்தின் வியாபாரம் குறைந்ததை ஏதோ ஒரு சபையின் தவறாகவோ ஒரு போட்டியாளரின் சூழ்ச்சியாகவோ மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பெரிய மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

போர்க்காலத்தில் வன்னியின் சந்தைகள் இடம்பெயர்ந்ததன் தடயம் இன்றும் உள்ளதா?

உண்டு. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று போன்ற ஊர்களில் தலைமுறைகளாக நடந்த கடைகள் ஒரேயடியாக அற்றுப்போயின. திரும்பி வந்தவர்கள் பலரால் பழைய கடையையோ, தாம் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த ஆண்டுகளில் இன்னொருவரிடம் பழகிவிட்ட வாடிக்கையாளரையோ மீளப் பெற முடியவில்லை.

மல்லாவியின் கதை வேறு வகையானது. 1996 இல் கிளிநொச்சி படையினர் வசமானதும் அங்கிருந்த மக்களும் அலுவலகங்களும் மேற்கே நகர்ந்தனர். துணுக்காய் – மல்லாவிப் பகுதி வன்னியின் முதன்மையான சந்தையாயிற்று. எரிபொருளும் சீமெந்தும் பற்றரியும் கட்டுப்படுத்தப்பட்ட அந்தக் காலத்தில், தகரக் கொட்டகைகளில் நகைக் கடை முதல் சைக்கிள் திருத்தும் கடை வரை எல்லாம் நடந்தன. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 திறக்கப்பட்டவுடன் கிளிநொச்சி மீண்டும் எழுந்தது, மல்லாவி சுருங்கியது. மல்லாவியில் கடை கட்டியவர்கள் எவரும் பிழை செய்யவில்லை. அவர்களைச் சூழ்ந்திருந்த மக்கள்தொகை அங்கே தற்செயலாக நிறுத்தப்பட்டிருந்தது, அவ்வளவே.

2009 இற்குப் பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை ஒட்டி இதே நிகழ்ச்சி மறுபடியும் நடந்தது. போரில் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் தங்கவைக்கப்பட்ட அந்த முகாமுக்கும் அதைச் சார்ந்த தொண்டு நிறுவனங்களுக்குமாக மன்னார் வீதி வழியே வாடகை வாகனமும் வாடகை வீடும் மொத்த வியாபாரமும் பெருகின. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டபோது அந்த வருமானமும் போயிற்று. ஆகையால், ஓர் இடத்தில் சனம் கூடுவதைக் கண்டவுடன், அந்தச் சனம் அங்கே எதற்காக நிற்கிறது, எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்பது வன்னி வியாபாரிக்கு இன்றியமையாதது.

வவுனியாவில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டதால் பழைய நிலையத்தைச் சூழ்ந்த கடைகள் பாதிக்கப்பட்டன என்பது உண்மையா?

உண்மை. ஏ9 வீதியோரம் கட்டப்பட்ட புதிய மத்திய பேருந்து நிலையம் 2017 இல் திறக்கப்பட்டது. இலங்கை போக்குவரத்துச் சபைக்கும் தனியார் பேருந்து உரிமையாளர்களுக்கும் இடையிலான இணைந்த நேர அட்டவணைத் தகராற்றினால் இடமாற்றம் இழுபட்டு, 2018 இன் தொடக்கத்தில் பழைய நிலையத்திலிருந்து சேவைகளை அகற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, அங்கிருந்த வர்த்தகர்கள் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இந்த விவகாரத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. நகர மையத்தின் ஒடுங்கிய வளைவில் நெடுந்தூரப் பேருந்துகள் திரும்புவது ஆபத்தானது. புதிய நிலையம் தேவைப்பட்டது. ஆனால் பழைய நிலையத்தை ஒட்டி வெற்றிலைக் கடை, பழக்கடை, தேநீர்க் கடை, மருந்துக் கடை நடத்தியவர்கள், பேருந்திலிருந்து இறங்கி ஐந்து நிமிடம் நிற்கும் பயணியை நம்பியே முற்பணமும் வாடகையும் கொடுத்திருந்தார்கள். கட்டடத்துக்கும் தார்வீதிக்கும் மதிப்பீடு போட்ட திட்டத்தில், இடம் மாறும் இந்த வாடிக்கைக்கு எவரும் மதிப்பீடு போடவில்லை. புதிய நிலையத்தின் கடைகளில் ஒரு பங்கைப் பழைய வியாபாரிகளுக்கு முன்னுரிமையில் ஒதுக்குவது, உள்ளூர்ச் சேவைப் பேருந்துகளைப் பழைய இடத்தில் தொடரவிடுவது, அல்லது கட்டங்கட்டமாக மாற்றுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று முன்கூட்டியே எழுத்தில் வைக்கப்பட்டிருந்தால் மோதலின் கூர்மை குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

துணி, நகை, பாத்திரம் போன்றவற்றைத் தேடிவந்து வாங்குபவர்கள் கடையைத் தேடி நடப்பார்கள். ஆகவே பசார் வீதியின் புடவைக் கடைகளுக்குப் பேருந்து நிலையம் இடம் மாறியதால் வந்த அடி ஒப்பீட்டளவில் சிறியது. தற்செயலாகக் கண்ணில் பட்டு வாங்கப்படும் பொருட்களை விற்றவர்களுக்கே பேரிழப்பு.

வவுனியாவில் மொத்த விற்பனைக்கான பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏன் அவ்வளவு இழுபறி?

தாண்டிக்குளமா, ஓமந்தையா என்று 2016 இல் வட மாகாண அரசியல்வாதிகளிடையே பெரிய விவாதம் நடந்தது. தாண்டிக்குளம் நகருக்கு அருகில். ஓமந்தை வடக்கே விரிந்த நிலத்தில். இறுதியில் இரண்டுமில்லாமல், நிலையம் மதவுவைத்தகுளத்தில் கட்டப்பட்டது; கட்டிமுடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தது. எந்தக் கட்சி எதைச் சொன்னது என்பதில் இந்தப் பக்கத்துக்கு அக்கறை இல்லை. விவசாயிக்கு வேண்டியது, அதிகாலையில் மரக்கறி லொறி வந்து நிற்க, தம்புள்ளை வியாபாரியும் யாழ்ப்பாண வியாபாரியும் ஒரே இடத்தில் விலை பேச ஒரு களம். அந்தக் களம் ஏற்கெனவே நகருக்குள் ஒழுங்கற்று இயங்குகிறது. கொள்முதல் செய்பவர்களைச் சேர்த்து நகர்த்தாமல் கடைக்கூடுகளை மட்டும் கட்டிவைத்தால் சந்தை பின்தொடர்ந்து வராது.

கிளிநொச்சி ஏன் நீண்ட ஒற்றைக் கோடாகவே வளர்கிறது?

இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி 1930களில் தொடங்கிய குடியேற்றத் திட்டங்களிலிருந்து எழுந்த ஊர் கிளிநொச்சி. ஆகவே வீதியின் இரு பக்கமும் ஒரு வரிசைக் கடை, அதன் பின்னால் வாய்க்காலும் வயலும் என்பதே அதன் அடிப்படை அமைப்பு. யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து 1984 இல் தனி மாவட்டமானபோது அரச அலுவலகங்களும் அதே வீதியையே நாடின. இன்று கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தியைக் கடந்து 155 ஆம் கட்டை வரையும் அதற்கு அப்பாலும் கடைகள் தொடர்கின்றன.

இந்த நீட்சிக்கு ஒரு விலை உண்டு. மையம் என்று ஒன்று உறுதியாக அமைவதில்லை. வங்கியில் அலுவல் பார்த்தவர் சந்தைக்குப் போக மீண்டும் வாகனம் ஏற வேண்டியிருக்கிறது. நெடுந்தூர வாகனங்கள் வேகமாக ஓடும் வீதியை முதியவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. பொதுச்சந்தையில் 2016 செப்டெம்பரில் ஏற்பட்ட தீயில் புடவைக் கடைகளும் பழக்கடைகளும் எரிந்தழிந்தபோது, நெருக்கமாக அடைத்துக் கட்டிய தற்காலிகக் கொட்டகைகளின் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. காப்புறுதி இல்லாமல் முழு முதலையும் சரக்கில் போட்டிருந்த சிறு வியாபாரிகளுக்கு அந்த இரவு ஏற்படுத்திய கடன் இலேசில் தீரக்கூடியதன்று.

தெற்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. ஆடைத் தொழிற்சாலையும் அங்கே உள்ளது. மாணவரும் தொழிலாளரும் நாள்தோறும் இறங்கும் இடமாதலால் அடுத்த கடைவரிசை அங்கே உருவாவது இயல்பு. வவுனியாவில் இதற்கு ஒப்பானது பம்பைமடு: 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியது முதல், குருமன்காட்டிலிருந்து நெளுக்குளம் வழியாக மன்னார் வீதி நெடுகிலும் தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் கூடிவருகின்றன. ஆனால் பல்கலைக்கழக விடுமுறைக் காலம் நீண்டது என்பதைக் கடை எடுப்பவர்கள் மறக்கக் கூடாது.

காணி உரித்து கடைத்தெருவின் திசையை எப்படித் தீர்மானிக்கிறது?

வெளியூர்க்காரர் எளிதில் காணாத காரணம் இதுவே. என் கருத்தில் மக்களை நிறுத்தும் இடங்களுக்கு அடுத்தபடி வலுவான காரணமும் இதுதான். வன்னியின் பெரும்பகுதிக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் அல்லது அளிப்புப் பத்திரத்தில் வழங்கப்பட்டவை. குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுக்கப்பட்ட அத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் முன்னனுமதி இன்றிக் கைமாற்ற முடியாது. வணிக வங்கியும் உறுதிக் காணிக்கு, அதாவது முழு உரிமை தரும் உறுதிப் பத்திரமுள்ள தனியார் காணிக்கு, கடன் கொடுப்பதுபோல் அதற்குக் கொடுக்காது.

இதனால் நடப்பது என்ன? வங்கி, தொடர்க் கடை, வாகன விற்பனை நிலையம் போன்ற பெரிய முதலீடுகள் உறுதிக் காணி உள்ள குறுகிய துண்டுகளையே தேடுகின்றன. அங்கே விலை ஏறுகிறது. அடுத்த வளவு அனுமதிப்பத்திரக் காணி என்றால் அது வெறுமையாகவோ தகரக் கொட்டகையாகவோ நிற்கிறது. ஒரே வீதியில் நான்கு மாடிக் கட்டடமும் பற்றைக் காடும் மாறி மாறி வருவதற்குப் பெரும்பாலும் இந்த வேறுபாடே காரணம். போரில் ஆவணம் தொலைந்தவர்களும், பத்திரதாரர் இறந்தபின் பின்னுரித்தாளர் பெயர் பதியப்படாத குடும்பங்களும் பலர். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் காணி வாங்கி அதில் கடை கட்டியவர்கள், சட்டத்தின் பார்வையில் இன்னொருவரின் காணியில் கட்டியவர்களே.

கடையொன்றை வாடகைக்கு எடுக்குமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. பல இலட்சம் ரூபாய் முற்பணத்தை, முத்திரை ஒட்டிய கடதாசியையோ வாய்ச் சொல்லையோ நம்பிக் கொடுப்பது வன்னியில் இன்னும் சாதாரணம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து, உறவினர் ஒருவர் அவருக்காகக் கையெழுத்திடும்போது, அந்த அதிகாரத்தைத் தரும் செல்லுபடியான தத்துவப் பத்திரம் உறவினரிடம் உள்ளதா என்பதைப் பார்க்கத் தவறுவோரும் உண்டு.

அடுத்து வீதிக்கோடும் கட்டடக் கோடும். ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கட்டடம் தாண்டக்கூடாத எல்லையான கட்டடக் கோடு வீதியின் நடுவிலிருந்து அளக்கப்படுகிறது. கடையின் முன்பகுதி அந்தக் கோட்டுக்குள் வந்தால், வீதி அகலிக்கப்படும் நாளில் இடிபடப்போவது முன்தாழ்வாரமும் பெயர்ப்பலகையுமே. உள்ளூராட்சிச் சபையின் கட்டட அனுமதியும், கட்டி முடித்தபின் வழங்கப்படும் இணக்கச் சான்றிதழும், நிலுவையில்லாத ஆதன வரிப் பற்றுச்சீட்டும் கேட்டுப் பார்க்கப்பட வேண்டும். சபைக்குச் சொந்தமான கடைத்தொகுதியில் ஒருவர் பெயரில் உள்ள கடையை மற்றவர் உபகுத்தகைக்கு நடத்துவது பரவலாக இருந்தாலும், சபை மீளப்பெறும்போது உபகுத்தகைக்காரருக்குப் பிடிமானம் ஏதும் இல்லை.

மூன்றாவது, ஆள் நடமாட்டம். காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் வன்னியின் எந்தத் தெருவும் செழிப்பாகத் தெரியும். நெல் விற்ற காசு உழவு இயந்திரத் தவணைக்கும் நகை மீட்பதற்கும் கலியாணச் செலவுக்கும் ஓடும் காலம் அது. அதே தெருவை மழை விட்டுவிட்டுப் பெய்யும் கார்த்திகையில், விதைப்புக்கும் உரத்துக்கும் கைக்காசு கரைந்த பின்னர் போய்ப் பார்த்து, வாடகையைத் தாங்குமா என்று கணக்கிடுவதே அறிவு.

வெளிநாட்டுப் பணத்தில் கட்டப்பட்ட மாடிக் கடைத்தொகுதிகள் ஏன் பாதி வெறுமையாக இருக்கின்றன?

வன்னி வாடிக்கையாளர் மாடிப்படி ஏறிப் பொருள் வாங்குவது அரிது. கீழ்த்தளம் வாடகைக்குப் போய்விடும். மேல்தளத்துக்குத் தனியார் கல்வி நிலையம், லீசிங் நிறுவனம், சட்டத்தரணி அலுவலகம் என்று நாலைந்து வகையினரே வருவார்கள், அவர்களும் எண்ணிக்கையில் குறைவு. கட்டியவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, கீழ்த்தள வாடகையை எல்லாத் தளங்களாலும் பெருக்கிக் கணக்குப் போட்டிருப்பார்.

தொடர்ப் பேரங்காடிகள் வந்தால் பலசரக்குக் கடைகள் மூடப்பட்டுவிடுமா?

சில மூடப்படும், பெரும்பாலானவை தாங்கும் என்றே நினைக்கிறேன். பேரங்காடி குளிரூட்டியும் விலைச்சீட்டும் தரும். அறுவடைவரை கொப்பியில் எழுதிக் கடன் தராது. வன்னியின் சில்லறை வியாபாரத்தை நிமிர்த்தி வைத்திருப்பது அந்தக் கொப்பி. 2022 இல் விலைவாசி கட்டுமீறி, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது பல கடைக்காரர்கள் கொப்பியை மூடினார்கள். மூடியவர்களில் சிலர் வாடிக்கையாளரையும் இழந்தார்கள். 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானதும் இரு தரப்பையும் ஒருங்கே பாதித்தது.

பேரங்காடியால் உண்மையில் நலிந்தவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று தோன்றுகிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பங்கீட்டு அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் கொடுத்து வன்னியைத் தாங்கியது சங்கக்கடை. இன்று அதன் கட்டடங்கள் பல சந்திகளின் மிகச் சிறந்த மூலைகளில், அரைகுறைச் சரக்குடன் நிற்கின்றன. அந்த மூலைகளின் வாடகைப் பெறுமதியைச் சங்க நிர்வாகங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணம் வன்னியின் வியாபாரத்தை இழுத்துக்கொள்கிறதா? இணையவழி விற்பனை எவ்வளவு பாதிக்கிறது?

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். ஏ9 செப்பனிடப்பட்ட பின் கூறைச்சேலையும் நகையும் வாங்க அங்கே போய்வருவது ஒரு பகற்பொழுதுக் காரியம். வவுனியாவுக்கு யாழ்ப்பாணம் தொலைவு என்பதால் இழப்பு குறைவு. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி மக்களின் போக்குவரத்தும் யாழ்ப்பாணப் பக்கம் திரும்பியது. இணையவழி விற்பனை புடவை, அழகுசாதனம், கைத்தொலைபேசி உதிரிப்பாகம் ஆகியவற்றில் தெரிகிறது. சீமெந்து, உரம், மரக்கறி ஆகியவற்றில் இல்லை.

வீதியோர வயலை நிரப்பிக் கடை கட்டலாமா?

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது குற்றம். கிறவல் லொறிகள் இரவில் வந்து கொட்டிப்போவதும், விடிந்தபின் அது மேட்டுக்காணியாகத் தோன்றுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் தண்ணீர். வவுனியா நகரம் குளங்களுக்கிடையே வளர்ந்தது. வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோவில்குளம் ஆகிய குறிச்சிகள் எல்லாம் ஏதோ ஒரு குளத்தின் மேற்பக்கமோ கீழ்ப்பக்கமோ அமைந்தவை. மேலுள்ள குளம் நிரம்பி வழியும் நீர், வயல்வெளியூடாகவே கீழுள்ள குளத்தை அடைகிறது. நடுவில் கடைத்தொகுதி எழுந்தால் நீர் வீதியையும் அடுத்த வீட்டு முற்றத்தையும் பிடிக்கும். 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, தாழ்நிலத்தில் இருந்த களஞ்சியங்களின் அரிசி மூட்டைகளும் சீமெந்துப் பைகளும் வீணாகின. நிரப்பிய காணியில் கடை எடுப்பவர் சரக்கைத் தரையிலிருந்து எவ்வளவு உயர்த்தி வைக்கப் போகிறார் என்பதையும் வாடகையுடன் சேர்த்து எண்ண வேண்டும்.

மாங்குளத்தில் காணி வாங்கி வைப்பது பயன் தருமா?

ஏ9 இலிருந்து முல்லைத்தீவுக்கும் துணுக்காய், மல்லாவிக்கும் வீதி பிரியும் சந்தி என்பதால், வன்னியின் நடுமையம் மாங்குளம்தான் என்பதில் ஐயமில்லை. மாகாண நிருவாகத்தை அங்கே கொண்டுவரும் யோசனையும், முதலீட்டு வலயம் பற்றிய அறிவிப்புகளும் அவ்வப்போது வருகின்றன. ஒவ்வொரு அறிவிப்புக்கும் காணி விலை ஏறுகிறது. சந்தியில் பேருந்து மாறும் பயணிகளை நம்பும் சிறு கடைக்கு இன்றே இடமுண்டு. மாகாணத் தலைநகரை நம்பும் மாடிக் கட்டடத்துக்கு, அலுவலகங்கள் உண்மையில் வந்து ஊழியர் குடியேறும்வரை இடமில்லை. சுற்றிலும் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதையும் வாங்குபவர் நேரில் பார்த்துக்கொள்வது நல்லது.

நகர அபிவிருத்தித் திட்டத்தில் வியாபாரிகளும் மக்களும் கருத்துச் சொல்ல வழி உண்டா?

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை, தான் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த பகுதிக்குத் திட்டம் தயாரிக்கும்போது அதைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அறிவித்தல் பத்திரிகையில் சிறிய எழுத்தில் வருவதால் பெரும்பாலானோர் தவறவிடுகின்றனர். வர்த்தகர் சங்கங்கள் இதைக் கவனிக்க ஒருவரை நியமித்தால் பயன் உண்டு. 2023 மார்ச் முதல் 2025 மே வரை வன்னியின் உள்ளூராட்சிச் சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இப்போது வட்டார உறுப்பினர் இருக்கிறார், ஆகவே பேருந்துத் தரிப்பிடமோ சந்தையோ இடம் மாற்றப்படும் யோசனை சபைக் கூட்டத்துக்கு வருமுன் அவரிடம் கேட்டறியலாம்.

வாய்மொழிப் பதில் போதாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பொதுவாகத் திட்டம் என்ன என்று கேட்பதைவிட, குறிப்பிட்ட வீதியின் பெயரைச் சொல்லி, அங்கு வீதி அகலிப்பு, தரிப்பிட மாற்றம், கடை அகற்றல் ஆகியவை தொடர்பாகச் சபை நிறைவேற்றிய தீர்மானங்களின் பிரதிகளைக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.